மேகம் கூடினால் நின்றுபோகும் கறுப்புத் திரை

எங்கள் கம்பெனி ஆபீசில் இருந்த கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் கலர் திரை, விரலால் தொட்டாலே போதும் என்று என்னோடு வேலை பார்த்த பேச்சியம்மாவின் மருமகள் வந்து சொன்னாள். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது அவள் உட்காருகிறாள். கம்பெனியில் பொங்கலுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம், பழைய ஆட்களிடம் எழுதி வாங்குகிறார்களாம். "நாலு பேரு முன்னால பேச மாட்டீக, சரி. எழுதவாவது செய்யலாம்ல?" என்றாள். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்தான். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதன்பின் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கும் வேலை. காலையில் வேன் ஊர் முக்கில் வந்து நிற்கும், ஏறிப் போவோம், இருட்டுவதற்குள் இறக்கிவிடும். அப்படியே வயது போனது. பிறகு இளைப்பு வந்தது. வெடிமருந்துத் தூசி இருக்கிற பக்கமே போகக் கூடாது என்று சாத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். கேட்டுக்குப் பக்கத்தில், வேலை செய்கிற அறைகளுக்கெல்லாம் எட்டத்தில் இருந்த ஆபீசில் பெருக்கவும் டீ வாங்கவும் என்னைப் போட்டார்கள். ஆபீசில் இடம் இல்லை என்றால் எனக்குக் கம்பெனியிலேயே இடம் இல்லை. தூசி இல்லாத வேறு வேலை அங்கே கிடையாது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் இதை வைத்துத்தான்.

ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டவர் காதர் சார். விருதுநகரில் வத்தல் வியாபாரம் செய்கிற குடும்பம். வாரத்தில் இரண்டு முறை பஸ்ஸில் வருவார், மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பெட்டியில் ஒட்டுகிற லேபிள் அச்சடிக்க அப்போது ஆள் நிலைக்கவில்லை. ஒரு நாள் நான் பெருக்கிக்கொண்டிருந்தபோது, "அக்கா, இங்கிலீஷ் எழுத்து தெரியுமா?" என்று கேட்டார். திரி வைத்துக்கொண்டே இத்தனை வருஷமாக வெடி லேபிளைப் பார்த்த கண். பெரிய எழுத்து எல்லாம் தெரியும். தலையை ஆட்டினேன். அன்றைக்கே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்தத் திரையில் படம் ஒன்றும் இருக்காது. கறுப்பில் வெள்ளையாக ஒரு வரி. வரியின் தலையில் ஒரு பேர், அதற்குப் பக்கத்தில் மினுக்கிக்கொண்டு ஒரு கோடு. சரக்குக்கு உரிய குறி எழுத்தை அடிக்க வேண்டும், எத்தனை பெட்டி என்று அடிக்க வேண்டும், என்டர் தட்ட வேண்டும். பக்கத்து மேஜையில் பிரின்டர் கரகரவென்று லேபிளைத் தள்ளும். தள்ளி முடித்ததும் திரையில் அடுத்த வரி வரும். அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது, அப்புறம் கை தானாகப் போனது.

வரியின் தலையில் பேர் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் கம்பெனிக்குக் கிழக்கு யூனிட், மேற்கு யூனிட் என்று இரண்டு. இரண்டுக்கும் வேறு வேறு லைசென்ஸ். நாங்கள் இருந்தது கிழக்கு, இங்கே உட்கார்ந்துகொண்டே மேற்கு யூனிட் கம்ப்யூட்டருக்குள்ளும் போகலாம். நான் லீவில் இருந்த ஒரு நாள், எனக்குப் பதிலாக உட்கார்ந்த பெண் எந்த மெஷினில் இருக்கிறோம் என்று தெரியாமல் மேற்கு யூனிட் பேரில் லேபிள் அடித்துவிட்டாள். ஏற்றின லோடை இறக்கி, லேபிளை உரித்து, மறுபடி ஒட்டினார்கள். அதற்குப் பிறகுதான் காதர் சார் ஒவ்வொரு வரியின் தலையிலும் அந்த மெஷினின் முழுப் பேர் வருகிற மாதிரி செய்தார். "மொதல்ல கண்ணு பேரைப் பாக்கட்டும், அப்புறம் கை ஓடட்டும்" என்றார். அவர் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

அந்த வருஷம்தான் ஆபீசுக்கு பிராட்பேண்ட் வந்தது. போன் ஒயர் ஒரு சின்னப் பெட்டிக்குள் போகும், அதிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும். வெளியூர் ஆர்டரெல்லாம் மெயிலில் வரத் தொடங்கின. தீபாவளி சீசனும் தொடங்கியது. என் கெட்ட காலமும் அதோடு சேர்ந்து தொடங்கியது.

காலையில் திரை நன்றாகத்தான் ஓடும். மத்தியானத்துக்கு மேல், லாரி வந்து நிற்கிற நேரத்துக்குச் சரியாக, நின்றுபோகும். என்டர் தட்டினால் லேபிள் வரும், ஆனால் அடுத்த வரி லேசில் வராது. கோடு மட்டும் மூலையில் நிற்கும். வெளியில் லோடுமேன்கள் கத்துவார்கள். பயத்தில் இன்னொரு தடவை என்டர் தட்டுவேன், அதற்கும் ஒன்றும் நடக்காது, இன்னொன்று தட்டுவேன். பிற்பாடுதான் தெரிந்தது, நான் தட்டின ஒவ்வொன்றும் வரிசையில் நின்று, ஒவ்வொன்றுக்கும் அந்த மெஷின் தனித்தனியாக நேரம் எடுத்தது என்று. அவசரப்பட அவசரப்பட இன்னும் நேரமாகும்.

பேக்கிங்கில் இருந்த பேச்சியம்மா ஜன்னலுக்கு வந்துவிடுவாள். "ஏ கம்ப்யூட்டர்காரம்மா, தூங்கிட்டியா? இங்கன பெட்டியெல்லாம் பேர் வைக்காத பிள்ளை மாதிரி ஒக்காந்திருக்கு!" பின்னாலிருந்து சிரிப்பு வரும். அவள் நல்லவள், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் அந்தச் சிரிப்பு மேனேஜர் ராஜாமணி காதில் விழும். அவர் வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்பார்.

"ஏம்மா, ஒரு பட்டன் தட்டுறதுக்கு வெத்தல போடுற நேரமா?"

எனக்கே என் கை மேல்தான் சந்தேகம். மேகம் போட்டால் எனக்கு விரல் மரத்துப்போகும், முட்டு வலிக்கும், மூச்சும் இழுக்கும். மேகம் போடுகிற நாளில்தான் திரையும் நின்றது. ஆகவே நான்தான் நின்றுபோகிறேன், திரை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வேறு யாராவது இப்படி நினைத்திருப்பார்களா தெரியவில்லை. வெடிக் கம்பெனியில் தப்பு நடந்தால் முதலில் அவரவர் கையைத்தான் பார்ப்போம். அப்படியே பழகிவிட்டோம்.

கடைசியில் ஒரு நாள் மேனேஜர், "இந்த வாரம் பாப்பேன். சரியாகலேன்னா சிவகாசியில கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு ஒண்ணு இருக்கு. நீ பழையபடி திரிக்குப் போயிரு" என்றார். திரிக்குப் போக முடியாது என்பது அவருக்கும் தெரியும். சீசன் அவரை அப்படிப் பேச வைத்தது.

அடுத்த நாள் காலையில் காதர் சார் வந்தார். நோன்பு மாசம். டீ கொண்டுபோய் வைத்த பிறகுதான் ஞாபகம் வந்து எடுத்தேன், அவர் சிரித்துக்கொண்டார். மேனேஜர் எல்லாவற்றையும் சொன்னார். சார் உட்கார்ந்து தட்டிப் பார்த்தார். பறந்தது. "நல்லாத்தானே ஓடுது" என்று மேனேஜர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்தச் சிமென்ட் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

காதர் சார் ஒருவரையும், என்ன செய்து கெடுத்தாய் என்று கேட்க மாட்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். என்னை நேராகப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது என்று அவருக்குத் தெரியும்.

"அக்கா, நீங்க நினைச்சதைச் சொல்ல வேணாம். கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லுங்க."

"மத்தியானத்துக்கு மேலதான் சார் நிக்குது."

"லேபிள் வர லேட்டாகுதா?"

"லேபிள் வந்துருது. அதுக்கப்புறம்தான் நிக்குது." கொஞ்சம் தைரியம் வந்தது. "ஒண்ணுமே அடிக்காம வெத்து என்டர் தட்டினாலும் நிக்குது சார்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம், "நான் இன்னிக்கி மத்தியான பஸ்ஸுக்குப் போகல" என்றார்.

நாலு மணி வாக்கில் வடகிழக்கே கறுத்தது. சார் என்டர் தட்டினார். கோடு மூலையில் போய் நின்றது. அவர் அசையவில்லை. கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு, ஒரு தடவை தட்டிவிட்டு அடுத்த வரி வரும்வரை பார்த்தார். மறுபடி தட்டினார், மறுபடி பார்த்தார். அவர் கை சின்ன வயதுக் கை, மேகத்துக்கு மரக்காது. அதற்கும் திரை நின்றது.

"ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நேரம் நிக்குது பாருங்க" என்றார். "கை மெதுவா இருந்தா ஒரு நேரம் போல இன்னொரு நேரம் இருக்காது. வேலை பாரமா இருந்தாலும் கூடக் குறைய இருக்கும். ஒரே அளவுன்னா, இது யாரையோ ஒண்ணு கேட்டுட்டு, அம்புட்டு நேரம் காத்திருந்து, பதில் வரலைன்னு விட்டுட்டு வருது."

யாரைக் கேட்கிறது என்று பார்க்க எழுந்தார். பிராட்பேண்ட் பெட்டியில் ஒரு விளக்கு எரியவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார், நானும் பின்னால் போனேன். சுவரைத் தாண்டி வெளி வராந்தாவில் ஒயர் முனை தரையில் கிடந்தது. பக்கத்தில் வாட்ச்மேன் குருசாமி அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இதை யாரு..."

"நாந்தேன் புடுங்குனேன்" என்றார் அவர், கண்ணை மேகத்திலிருந்து எடுக்காமல். "மேகம் கூடுனா புடுங்கணும்ல. எப்பவும் புடுங்குறதுதேன்."

எங்கள் கம்பெனியில் அது சட்டம் மாதிரி. மேகம் கூடினால் போன் ஒயரை வெளியிலேயே உருவிவிட வேண்டும், மின்னல் ஒயர் வழியாக உள்ளே வந்துவிடும். இடிச் சத்தம் கேட்டுவிட்டால் அண்ணன் மணியாகத் தொங்கவிட்டிருக்கிற தண்டவாளத் துண்டை அடிப்பார், கரன்ட் மெயினை அணைப்பார். போட்டது போட்டபடி எல்லாரும் வெளியே வந்து வேலி ஓரமாக உட்கார வேண்டும். முதலாளியே வந்திருந்தாலும் அந்த மணிக்கு எழுந்துதான் ஆக வேண்டும். போன் செத்துப்போவது முன்பெல்லாம் ஆபீசில் தெரியும். மேனேஜர் கையில் செல்போன் வந்த பிறகு அந்தப் போனை யாரும் தொடுவதில்லை. காலையில் சார் வருவதற்குள் அண்ணன் ஒயரைச் செருகிவிடுவார். அதனால்தான் ஒருவருக்கும் தெரியவில்லை.

"ஒரே ஒரு தடவை செருகிப் பாக்கலாமாண்ணே?" என்று சார் கேட்டார். அண்ணன் வானத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் செருகினார். நான் உள்ளே ஓடி என்டர் தட்டினேன். வரி உடனே வந்தது. உருவினார். நின்றது.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அவர் முகம் தெளிந்துவிட்டது. "இம்புட்டுத்தானா? குருசாமி, இனிமே இதைப் புடுங்காதீரு. சீசன் முடியட்டும்."

"அது என்னால ஆகாதுங்க."

"எல்லா ஊர்லயும் மழைக்கு இதைப் புடுங்கிக்கிட்டா இருக்காக?"

"எல்லா ஊர்லயும் மருந்தா அடைச்சு வச்சிருக்காக?" என்றார் அண்ணன். எழுந்திருக்கக்கூட இல்லை. அவர் இடது கை முழங்கைக்குக் கீழே வெளுத்துச் சுருங்கியிருக்கும். அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இப்ப தெரிஞ்சு போச்சுல்ல, ஒன் மேல தப்பில்ல. ஒயர் இருந்தா ஒனக்கும் வேலை நெலைக்கும். நீயே சொல்லு இவருகிட்ட. செருகட்டுமா வேணாமா?"

பேச்சியம்மா, லோடுமேன்கள், டிரைவர் எல்லாரும் வராந்தாவில் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் என் வாயைப் பார்த்த மாதிரி அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் நாற்காலி எனக்கு. அண்ணனும்கூட என்னைப் பார்த்தார், கோபமாக இல்லை. நான் என்ன சொன்னாலும் புரிந்துகொள்வார் போலப் பார்த்தார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பக்கம் அறைகளில் என்னோடு திரி வைத்தவர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் உருவுகிற ஒயரையும் அந்த மணியையும் நம்பித்தான் மேகத்திலும் கை நடுங்காமல் வேலை செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

"ஒயரு வெளியிலயே கெடக்கட்டும்" என்றேன். சத்தம் வரவில்லை போலிருக்கிறது. மேனேஜர், "என்னது?" என்றார். மறுபடி சொன்னேன்.

"அப்ப நாளையில இருந்து அந்தப் பொண்ணு வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பினார்.

காதர் சார், "சார், கொஞ்சம் இருங்க" என்றார். அவர் ஒயரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "ஒயர் இல்லைன்னா மெயில் வராது, சரி. லேபிள் அடிக்கிற மெஷினுக்கு வெளியில என்ன சோலி? வெத்து என்டருக்கு வெளிய யாரைக் கேக்கணும்? ஒயரு காரணம் இல்ல சார். அது காட்டிக் குடுத்துருச்சு, அம்புட்டுத்தான். எனக்கு அரை மணி நேரம் குடுங்க."

அந்த அரை மணி நேரம் நான் நின்றுகொண்டே பார்த்தேன். அவர் செய்வதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. திரையைத் திறந்ததும் முதலில் ஓடுகிற சில வரிகளை அவர் ஒரு இடத்தில் எழுதி வைத்திருந்தார். கலர் என்ன, பிரின்டர் எது, வரித் தலையில் என்ன வர வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். முதலில் அந்த வரிகள் ஒன்றுமே இல்லாமல் திறந்தார். "சாமான் இறக்காத காலி வீடு மாதிரி இது. இதுலயும் நின்னா கோளாறு வேற எங்கயோ." தட்டினார். நிற்கவில்லை. "அப்ப நாம இறக்கின சாமான்லதான் இருக்கு."

பிறகு அந்த வரிகளில் மேல் பாதி வரிகளுக்கு முன்னால் ஒரு குறி வைத்து அவற்றைத் தூங்க வைத்தார். திறந்து தட்டினார். நின்றது. ஆகவே விழித்திருக்கிற கீழ்ப் பாதியில்தான் கோளாறு. அதில் பாதியைத் தூங்க வைத்தார். நிற்கவில்லை. தூங்குகிற பாதியில்தான் இருக்கிறது என்று அதை இரண்டாகப் பிரித்தார். அவசரமே இல்லை. வெளியில் லாரிக்காரர் ஹாரன் அடித்தார், சார் நிமிரவில்லை. இரண்டு மூன்று தடவை இப்படிப் பிரித்ததும் ஒரே ஒரு வரி மிஞ்சியது.

அதைப் பார்த்ததும் பேசுவதை நிறுத்திவிட்டார். நெற்றியைத் தடவினார்.

"இது நான் எழுதினது அக்கா" என்றார். "வரித் தலையில பேர் வருதுல்ல, அந்த வரி. ஒவ்வொரு என்டருக்கும் உன் முழுப் பேர் என்னன்னு மெஷினைக் கேக்கச் சொல்லியிருக்கேன். அதுக்குத் தன்னோட சின்னப் பேருதான் தெரியும். பிராட்பேண்ட் வந்ததுல இருந்து முழுப் பேரைத் தெரிஞ்சுக்க ஒயர் வழியா வெளிய கேக்குது. ஒயர் இருந்தா ஒடனே பதில் வந்துருது, நமக்குத் தெரியல. ஒயர் இல்லைன்னா வாசல்லயே நிக்குது."

தன் பேரைச் சொல்லவே வெளியில் யாரையோ கேட்டுக்கொண்டு நின்ற மெஷினை நினைத்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அவர் செய்தது இரண்டு காரியம். மெஷினின் முழுப் பேரை மெஷினுக்குள்ளேயே ஒரு இடத்தில் எழுதி வைத்தார், இனி வெளியே கேட்க வேண்டாம். அப்புறம், ஒவ்வொரு என்டருக்கும் கேட்காமல், காலையில் திறக்கும்போது ஒரு தடவை கேட்டு வைத்துக்கொண்டால் போதும் என்று அந்த வரியை மாற்றினார். அதை முடிக்கிற நேரத்தில் இடித்தது. தண்டவாளம் அடிபட்டது. மெயின் போனது. எல்லாரும் வேலி ஓரம் போய் உட்கார்ந்தோம், மேனேஜரும் வந்து உட்கார்ந்தார். லாரி அங்கேயே நின்றது.

மழை பெரிதாக இல்லை, தூறல்தான், ஆனால் இடி விடவில்லை. நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டது. சார் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்தார். பேச்சியம்மா தன் தண்ணீர்ப் பாட்டிலைத் துடைத்துக் கொடுத்தாள். "குடிங்க சார். ஒங்க பேரைச் சொல்லித்தான் இன்னிக்கி நாங்களும் சும்மா ஒக்காந்திருக்கோம்." அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, மேனேஜர் பக்கம் திரும்பினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"சார், இத்தனை நாள் லோடு லேட்டானதுக்கு நாந்தான் காரணம். நான் எழுதின வரி. இவுக கை இல்ல, அண்ணன் புடுங்கின ஒயரும் இல்ல."

மேனேஜர் ஈர மண்ணில் குச்சியால் கீறிக்கொண்டிருந்தார்.

இடி அடங்கி, அண்ணன் மெயினைப் போட்டார். மேகம் இன்னும் கலையவில்லை, ஒயர் வெளியில்தான் கிடந்தது. சார் என்னை உட்காரச் சொன்னார். நான் ஒன்றும் அடிக்காமல் வெத்து என்டர் தட்டினேன். வரி வந்தது, தலையில் முழுப் பேரோடு. இன்னொன்று தட்டினேன். வந்தது. லோடு முடியும்வரை மேனேஜர் பின்னால்தான் நின்றார், ஆனால் பேசவில்லை. மேகம் அப்படியேதான் இருந்தது, என் விரலும் மரத்துத்தான் இருந்தது. அந்த மரத்த விரலோடுதான் எல்லா லேபிளையும் அடித்தேன்.

சிவகாசிப் பெண் வரவே இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. கண் மங்கும்வரை நான் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். மேனேஜர் என்னிடம் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை, அவர் அப்படிப்பட்ட ஆளும் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் நான் போனபோது, கொத்தனாரைக் கூப்பிட்டு வராந்தாச் சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், குருசாமி அண்ணனின் கைக்கு எட்டுகிற உயரத்தில். உருவின ஒயர் தரையில் கிடந்து நனையாமல் மாட்டி வைப்பதற்கு.